மூன்று உலோகம், ஒரே துகள்: ஹைட்ரஜனேற்ற வினையூக்கியைச் செய்து சோதிக்க முழுமையான வழிகாட்டி

வேலந்தாவளம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் தமிழ்நாடு. அதற்கு இந்தப் பக்கம், பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகாவில் இருக்கிறது எங்கள் ஆய்வகம். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் தமிழ் வழியில் படித்து வந்தவர்கள், மீதிப் பேர் மலையாள வழி. ‘அலாய்’ என்பதற்குத் தமிழில் உலோகக்கலவை என்கிறோம். அவர்கள் லோஹசங்கரம் என்கிறார்கள். கலவை என்றதும் எனக்கு ஞாபகம் வருவது மிக்சர் பொட்டலம்: காராபூந்தி தனி, ஓமப்பொடி தனி, கடலை தனி. சங்கரம் என்றால் இனம் கலந்து பிறந்தது, பிரித்தெடுக்க முடியாதது. இந்த ஒரு சொல்லில் மலையாளத்துக்காரர்கள் ஜெயித்துவிட்டார்கள். பல உலோக நானோத்துகள் செய்கிறேன் என்று இறங்குபவர்களில் பலர் கடைசியில் மிக்சர் பொட்டலத்தைத்தான் செய்து வைக்கிறார்கள். நானும் செய்திருக்கிறேன்.

அதனால் இந்த வழிகாட்டியில் துகளைச் செய்யும் பகுதி சிறியது. செய்தது உண்மையிலேயே ஒரே துகளா, வேலை செய்வது அதுதானா என்று பார்க்கும் பகுதிதான் பெரியது. ஹைட்ரஜனேற்றம் என்றால் ஒரு மூலக்கூறில் ஹைட்ரஜனைச் சேர்ப்பது. தான் தீர்ந்துபோகாமல் அந்த வினையை வேகப்படுத்துவது வினையூக்கி. எடுத்துக்கொண்டிருக்கும் உதாரணம் சிரட்டைக் (கொட்டாங்குச்சிக்) கரியின் மேல் தாமிரம், நிக்கல், அதில் ஒரு துளி பல்லேடியம். முதுகலை மாணவர் ஒருவர், மேற்பார்வைக்கு ஆள் இருந்தால், ஒரு செமஸ்டர் புராஜெக்டில் முடிக்கக்கூடிய வேலை.

ஒரு உலோகம் ஏன் போதாது

1897-இல் பால் சபாட்டியேவும் ஜான் பாப்டிஸ்ட் சாந்தரான்ஸும் எத்திலீனையும் ஹைட்ரஜனையும் நிக்கல் தூளின் மேல் விட்டு ஈத்தேன் ஆக்கினார்கள். சபாட்டியேவுக்கு 1912-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதை விக்டர் கிரிக்னார்டோடு பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார். அதற்குள் 1902-லேயே வில்ஹெல்ம் நார்மன் திரவ எண்ணெயை நிக்கல் வைத்துக் கெட்டியாக்கும் முறைக்கு ஜெர்மனியில் காப்புரிமை வாங்கியிருந்தார். நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பூரி பொரித்த வனஸ்பதி அங்கிருந்து வந்ததுதான். (எங்கள் ஊர்த் தேங்காய் எண்ணெய்க்கு இந்தத் தொல்லை கிடையாது. அது முன்பே பெரும்பாலும் நிறைவுற்ற கொழுப்பு. மார்கழிக் காலையில் ஹைட்ரஜனைக் கண்ணால் பார்க்காமலே பாட்டிலுக்குள் உறைந்து நிற்கும்.)

ஹைட்ரஜனேற்றத்தில் வினையூக்கிக்கு மூன்று வேலை. ஹைட்ரஜன் மூலக்கூறை இரண்டு அணுவாக உடைக்க வேண்டும். உடைத்ததைப் பிடித்து வைக்க வேண்டும். பக்கத்தில் வந்து உட்காரும் மூலக்கூறுக்குக் கொடுக்க வேண்டும். கை இறுகியிருந்தால் கொடுக்காது, தளர்ந்திருந்தால் பிடிக்காது. நிக்கல் நன்றாக உடைக்கும். ஆனால் கார்பன் உள்ள மூலக்கூறுகளையும் இறுகப் பிடித்து, வேண்டாத பிணைப்புகளையும் தாக்கிவிடும். தாமிரம் சாது. கிடைத்த ஹைட்ரஜனைப் பக்குவமாகக் கொடுக்கும், ஆனால் ஹைட்ரஜனை உடைக்கவே அதற்குத் தெம்பு போதாது. பல்லேடியம் ஹைட்ரஜனைச் சர்வசாதாரணமாக உடைப்பதோடு உள்ளேயும் உறிஞ்சிக்கொள்ளும். தாமஸ் கிரஹாம் 1866-லேயே இதை அளந்து பார்த்தார். தன் கன அளவைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு ஹைட்ரஜனை அது விழுங்குகிறது. அதன் குறை விலை, அப்புறம் அவசரம்: நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் முழுவதையும் ஹைட்ரஜனேற்றிவிடும்.

உலோகங்களைச் சேர்க்கும்போது இரண்டு விஷயம் நடக்கிறது. ஒன்று, ஒரு பல்லேடியம் அணுவைச் சுற்றிலும் தாமிரம் இருந்தால், இரண்டு மூன்று பல்லேடியம் அணுக்கள் சேர்ந்து நின்று செய்யும் வேலைகள் நின்றுவிடும், பக்கவினை குறையும். இன்னொன்று, பக்கத்து அணுவால் எலக்ட்ரான் நிலைகள் நகரும், அணுக்களுக்கு இடையிலான தூரமும் கொஞ்சம் இழுபடும். அதனால் பிடியின் இறுக்கம் மாறும். தொழிற்சாலைகளில் எத்திலீனில் கலந்திருக்கும் அசிட்டிலீனை மட்டும் ஹைட்ரஜனேற்ற, வெள்ளி சேர்த்த பல்லேடியத்தைப் பயன்படுத்துவது இதனால்தான். 2012-இல் சார்லஸ் சைக்ஸ் குழு இன்னும் ஒரு படி போனது. தாமிரப் பரப்பில் பல்லேடியத்தை ஒற்றை ஒற்றை அணுவாக ஊன்றி, அந்த அணு ஹைட்ரஜனை உடைத்துத் தருவதையும், தாமிரம் அதை வாங்கி ஸ்டைரீனுக்கும் அசிட்டிலீனுக்கும் தேர்ந்து கொடுப்பதையும் காட்டியது. நாம் செய்யப்போவது அந்த யோசனையின் ஏழை வீட்டுப் பதிப்பு.

யாரோடு யாரைச் சேர்ப்பது

கண்ணை மூடிக்கொண்டு ஐந்து உப்பை ஒரு பீக்கரில் போடாதீர்கள். முதலில் இரண்டு அட்டவணையைப் பாருங்கள்.

முதல் அட்டவணை, எது எதோடு கரையும் என்பது. தாமிரமும் நிக்கலும் முகமையக் கனசதுரப் படிகங்கள். அணிக்கோவை அளவு (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் பெட்டியின் பக்க நீளம்) 3.615 ஆங்ஸ்ட்ராம், 3.524 ஆங்ஸ்ட்ராம். வித்தியாசம் சொற்பம் என்பதால் எந்த விகிதத்திலும் கலக்கும். பழைய இரண்டு ரூபாய்க் காசு இந்தக் கலவைதான். தாமிரம்–பல்லேடியம், நிக்கல்–பல்லேடியம் ஜோடிகளும் ஒன்றோடொன்று கரையும். வெள்ளியும் நிக்கலும் உருகின நிலையில்கூடச் சரியாகச் சேராது. தாமிரம்–கோபால்ட், தாமிரம்–இரும்பு ஆகியவையும் அறை வெப்பத்தில் பிரிந்து போகவே பார்க்கும்.

இரண்டாவது, ஒடுக்க மின்னழுத்தம். உப்பில் இருக்கும் அயனி எவ்வளவு எளிதாக உலோகமாக மாறும் (ஒடுங்கும்) என்பதன் அளவு அது; எண் கூடினால் எளிது. பல்லேடியம் +0.95 வோல்ட், வெள்ளி +0.80, தாமிரம் +0.34, நிக்கல் −0.26, கோபால்ட் −0.28, இரும்பு −0.44. எல்லா உப்பையும் ஒரே கரைசலில் வைத்து மெதுவாக ஒடுக்கினால் பல்லேடியம் முதலில் படியும், தாமிரம் அதன் மேல், நிக்கல் கடைசியில். கிடைப்பது வெங்காயம் மாதிரி அடுக்கடுக்கான துகள்.

“அப்படியானால் சோடியம் போரோஹைட்ரைடைப் போட்டு ஒரே அடியில் எல்லாவற்றையும் ஒடுக்கிவிடலாமே?” என்று வருடாவருடம் யாராவது கேட்பார்கள். தண்ணீரில் நிக்கலையும் கோபால்ட்டையும் போரோஹைட்ரைடால் ஒடுக்கினால் பெரும்பாலும் வருவது போரான் கலந்த, படிக ஒழுங்கில்லாத போரைடு. அதுவும் நல்ல வினையூக்கிதான். ஆனால் அதற்கு நிக்கல் என்றோ நிக்கல் கலவை என்றோ பெயர் வைப்பது சரியல்ல. அதனால் இங்கே வாயு வழி ஒடுக்கத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

செய்முறை

தாங்கி: சிரட்டைக் கரியிலிருந்து தயாரித்த செயலேற்றிய கார்பன், சலித்த தூள். இந்தப் பகுதியில் சிரட்டைக்குப் பஞ்சமில்லை. ஆனால் சிரட்டைக் கரியில் பொட்டாசியம் சேர்ந்த சாம்பல் இருக்கும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு மணி நேரம் சூடாக்கி, பிறகு காய்ச்சி வடித்த தண்ணீரில் கழுவுங்கள். கழுவிய நீரில் ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட் விட்டால் பால் நிறம் வரக்கூடாது. எங்கள் போர்வெல் தண்ணீரில் விட்டால் உடனே வெளுக்கும், அதனால் கடைசிக் கழுவலுக்கு அதைத் தொடவே தொடாதீர்கள். 120 டிகிரியில் இரவு முழுக்க உலர விடுங்கள்.

உப்பு: தாமிர அசிட்டேட் மோனோஹைட்ரேட் 160 மில்லிகிராம், நிக்கல் அசிட்டேட் டெட்ராஹைட்ரேட் 199 மில்லிகிராம். இரண்டுமே 0.8 மில்லிமோல். இதை 1.9 கிராம் கார்பனில் ஏற்றினால் உலோகம் எடையில் ஏறத்தாழ 5 சதவீதம் வரும். நைட்ரேட் மலிவுதான், கையிலும் இருக்கும். ஆனால் நைட்ரேட்டையும் கரித்தூளையும் சேர்த்துச் சூடாக்குவது என்ன என்று சிவகாசிக்காரரைக் கேட்டால் சொல்வார். அசிட்டேட்டே போதும்.

தாமிர அசிட்டேட் குளிர்ந்த நீரில் 100 மில்லிக்கு 7 கிராம் சொச்சம்தான் கரையும். ஆகவே இரண்டு உப்பையும் சேர்த்து 4 மில்லி தண்ணீரில், லேசாகச் சூடுகாட்டிக் கரையுங்கள். கார்பன் அவ்வளவு நீரை ஒரே தடவையில் குடிக்காது. முதலில் ஒரு கிராம் வெறும் கார்பனில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, எத்தனை மில்லியில் அது ஈர மணல் போல ஒட்ட ஆரம்பிக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த அளவுக்கு மேல் போகாமல், இரண்டு மூன்று தவணையாக, நடுவில் 80 டிகிரியில் உலர்த்தி ஏற்றுங்கள். பிட்டுக்கு மாவு விரவுகிற பதம்தான். கட்டி தட்டக்கூடாது, தண்ணீர் தேங்கக்கூடாது. தேங்கினால் உப்பெல்லாம் கரியின் வெளிப்புறத்தில் வந்து படிந்து பெரிய துகளாகிவிடும்.

ஒடுக்கம்: குழாய் உலை, குவார்ட்ஸ் படகு. வாயு, நைட்ரஜனில் 5 சதவீத ஹைட்ரஜன் கலந்த சிலிண்டர். காற்றில் ஹைட்ரஜன் 4 முதல் 75 சதவீதம் வரை தீப்பிடிக்கும். தூய ஹைட்ரஜன் சிலிண்டரை மாணவர் கையில் கொடுக்க நான் தயாரில்லை. ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். வெளியேறும் வாயு குமிழிப் புட்டி வழியாக ஜன்னலுக்கு வெளியே போகட்டும். முதலில் அரை மணி நேரம் நைட்ரஜன் மட்டும். அப்புறம் கலப்பு வாயு, நிமிடத்துக்கு 60 மில்லி அளவில். வெப்பம் நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் 450 வரை. அங்கே 2 மணி நேரம். அதற்கு மேல் ஏற்றாதீர்கள்: துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துவிடும், நிக்கல் தன் கீழே இருக்கும் கார்பனையே மீத்தேனாக்கித் தின்ன ஆரம்பிக்கும். மின்சாரம் போகாத நாளாகப் பார்த்து உலையை வையுங்கள் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

நைட்ரஜனில் அறை வெப்பத்துக்கு ஆறவிடுங்கள். சூடாறாத தூளைக் காற்றில் எடுத்தால் கண்ணெதிரே கங்காகும். ஆறிய தூளையும் உடனே வெளியே எடுக்காமல், நைட்ரஜன் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஏற்கெனவே நைட்ரஜன் ஊதி ஆக்ஸிஜன் நீக்கிய 50 மில்லி தண்ணீருக்குள் தட்டிவிடுங்கள்.

பல்லேடியம்: 5.8 மில்லிகிராம் பல்லேடியம் குளோரைடு வேண்டும். இதை நேரடியாக எடை போட்டால் தராசின் தவறே அதில் பெரும்பங்கு. 58 மில்லிகிராமை ஒரு சில சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு வெந்நீரில் கரைத்து 100 மில்லியாக்கி, அதில் 10 மில்லி எடுங்கள். நைட்ரஜன் ஓட, தண்ணீரில் கலங்கிக்கொண்டிருக்கும் கரியில் இதைச் சொட்டுச் சொட்டாக அரை மணி நேரத்தில் விடுங்கள். முன்னே பார்த்த மின்னழுத்த அட்டவணை இப்போது நமக்கு வேலை செய்கிறது. பல்லேடியம் அயனி துகளின் பரப்பிலிருந்து ஒரு தாமிர அணுவையோ நிக்கல் அணுவையோ கரைசலுக்கு அனுப்பிவிட்டு அந்த இடத்தில் தான் உட்காரும். தனியாக ஒடுக்கி எதுவும் தேவையில்லை. வேறெங்கோ தனித் துகளாகப் படிவதற்கும் அதிக வாய்ப்பில்லை. வடிகட்டி, ஆக்ஸிஜன் நீக்கிய வெந்நீரில் குளோரைடு போகும்வரை கழுவுங்கள் (மறுபடி வெள்ளி நைட்ரேட்). குளோரைடு தங்கினால் பரப்பை அடைத்துக்கொள்ளும். வெற்றிடத்தில் உலர்த்தி, அதே உலையில் 300 டிகிரியில் ஒரு மணி நேரம் மீண்டும் ஒடுக்குங்கள். ஆறிய பிறகு நைட்ரஜனோடு மிகச் சிறிதளவு காற்றைக் கலந்து ஒரு மணி நேரம் ஓட விட்டால், மேலே மெல்லிய ஆக்ஸைடு படலம் வந்து தூள் சாந்தமாகிவிடும். புட்டியில் தேதியை எழுதி வையுங்கள்.

இதே முறையில் தாமிரம் மட்டும், நிக்கல் மட்டும், தாமிரம்–நிக்கல் மட்டும், பல்லேடியம் மட்டும் என்று நான்கு தூள் தனியாகச் செய்ய வேண்டும். பல்லேடியம் மட்டும் செய்யும்போது மாற்றிக்கொள்ள தாமிரமோ நிக்கலோ இருக்காது. அதே பல்லேடியம் கரைசலை நேரே கரியில் ஏற்றி உலையில் ஒடுக்குங்கள். வெறும் கார்பனையும் உலையில் அதே சூட்டில் வைத்து எடுங்கள். சலிப்பான வேலைதான். இது இல்லாமல் பின்னால் வரும் எந்த எண்ணுக்கும் அர்த்தமில்லை.

நிக்கல் உப்புத் தூளை மூச்சில் இழுப்பது புற்றுநோய் அபாயம். கையுறை, முகமூடி, புகைக்கூண்டு மூன்றும் வேண்டும்.

ஒற்றை முகடு என்னும் ஏமாற்று

எக்ஸ்ஆர்டி (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர் படம்) எடுத்தால் தாமிரத்தின் (111) முகடு 2 தீட்டா 43.3 டிகிரியில் வரும், நிக்கலுடையது 44.5-இல். கலவையின் அணிக்கோவை அளவு விகிதத்துக்கு ஏற்ப நடுவில் வரும் என்பது வெகார்ட் விதி. அதன்படி சரிபாதிக் கலவை 43.9-இல் வர வேண்டும். படத்தில் 43.9-இல் ஒரே ஒரு முகடு. ஆனந்தம்! ‘கலவை உருவானது உறுதியாகிறது’ என்று எழுதிவிடுவோம்.

ஒரு நிமிடம் நில்லுங்கள். துகள் சிறுத்தால் முகடு எவ்வளவு அகலும் என்று சொல்லும் ஷெரர் சமன்பாட்டில் துகள் அளவு 5 நானோமீட்டர், அலைநீளம் 0.154 நானோமீட்டர் போட்டுப் பாருங்கள். முகட்டின் அகலம் ஏறத்தாழ 1.7 டிகிரி வருகிறது. தாமிரத்துக்கும் நிக்கலுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியே 1.2 டிகிரிதான். அதாவது 5 நானோமீட்டர் தாமிரத் துகளையும் 5 நானோமீட்டர் நிக்கல் துகளையும் தனித்தனியாகச் செய்து கரண்டியால் கலக்கினாலும், இரண்டு முகடும் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, 43.9-க்குப் பக்கத்தில் ஒரே முகடாகத்தான் தெரியும். மிக்சர் பொட்டலமும் சங்கரமும் இந்தப் படத்தில் ஒன்றுபோல இருக்கும். துகள் 20 நானோமீட்டராக இருந்தால் அகலம் 0.4 டிகிரி, அப்போது ஒற்றை முகடு என்றால் அதை நம்பலாம்.

இதற்கு மலிவான மருந்து ஒன்று உண்டு. தனித்தாமிரத் தூளையும் தனிநிக்கல் தூளையும் சம அளவில் கலந்து அதையும் எக்ஸ்ஆர்டி எடுங்கள். உங்கள் மாதிரியின் படமும் இதுவும் ஒன்றுபோல இருந்தால் வாயை மூடிக்கொண்டு அடுத்த கருவிக்குப் போங்கள்.

அடுத்த கருவி, துகள் துகளாகத் தனிம வரைபடம் எடுக்கும் ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கி. எங்கள் பக்கத்திலிருந்து தெற்கே கொச்சி குசாட் (கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) வளாகத்தில் இருக்கும் கருவி மையத்துக்கும் அனுப்பலாம், கிழக்கே சென்னை ஐஐடியின் கருவி மையத்துக்கும் அனுப்பலாம். எங்கே அனுப்பினாலும் படிவத்தில் ஒரு வரி எழுத மறக்காதீர்கள்: தங்கம் அல்லது மாலிப்டினம் வலை வேண்டும் என்று. வழக்கமாக மாதிரியைத் தூவும் வலை தாமிரத்தால் ஆனது. தாமிரம் தேடுகிறவர் தாமிர வலையில் மாதிரி வைத்தால் படமெங்கும் தாமிரமாகத்தான் மின்னும். ஒரு தடவை இந்த வரியை எழுதாமல் அனுப்பி, கட்டணம் கட்டி, மூன்று வாரம் காத்திருந்து வாங்கிய படங்களை நான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன், அடுத்த பேட்சுக்குக் காட்ட.

ஒரு துகளை மட்டும் பார்க்காமல் இருபது முப்பது துகள்களில் விகிதத்தை அளக்கச் சொல்லுங்கள். சராசரி 50:50 என்பது போதாது. பாதித் துகள் 90:10, பாதி 10:90 என்றாலும் சராசரி 50:50 வரும்.

அமிலத்தில் கரைத்து ஐசிபி (பிளாஸ்மா வழித் தனிமப் பகுப்பாய்வு) முறையில் மொத்த உலோக அளவைப் பார்ப்பது அவசியம், ஏனென்றால் நாம் போட்டதெல்லாம் கரியில் நின்றிருக்கும் என்று ஒன்றும் இல்லை. பரப்பில் மட்டும் என்ன விகிதம் என்பதற்கு எக்ஸ்பிஎஸ் (எக்ஸ்-கதிர் ஒளி எலக்ட்ரான் நிறமாலை). தாமிரத்தின் பரப்பாற்றல் குறைவு என்பதால் அது மேலே வர விரும்பும். பரப்பில் பாதிக்கு மேல் தாமிரம் தெரிந்தால் பயப்பட வேண்டாம்.

மஞ்சள் நிறம் மறையும் சோதனை

எங்கும் எளிதாகச் செய்யக்கூடியது 4-நைட்ரோஃபீனாலை 4-அமினோஃபீனாலாக மாற்றும் வினை. இதில் ஹைட்ரஜனைத் தருவது போரோஹைட்ரைடு. அமினோஃபீனால் பாரசிட்டமால் மாத்திரைக்கு முந்தைய படி, அதனால் பிள்ளைகளுக்குச் சொல்லவும் வசதி. நைட்ரோஃபீனால் போரோஹைட்ரைடின் காரத்தன்மையில் நைட்ரோஃபீனோலேட்டாகி 400 நானோமீட்டரில் அடர்மஞ்சளாக நிற்கும்; விளைபொருள் 300 நானோமீட்டரில் தெரியும்.

ஒரு செண்டிமீட்டர் குவெட்டில் 1 மில்லிமோலார் நைட்ரோஃபீனால் 0.2 மில்லி, தண்ணீர் 2.3 மில்லி, அப்போதே கரைத்த 0.1 மோலார் போரோஹைட்ரைடு 0.3 மில்லி. ஒரு நிறமாலை எடுங்கள். 400-இல் உட்கவர்ச்சி (கரைசல் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்ற அளவு) 1.2-ஐ ஒட்டி இருக்கும். பிறகு, 10 மில்லி நீரில் 5 மில்லிகிராம் வினையூக்கி கலந்த தொங்கலில் 0.2 மில்லி (அதாவது 0.1 மில்லிகிராம் வினையூக்கி) விட்டு, ஒவ்வொரு நிமிடமும் நிறமாலை. போரோஹைட்ரைடு 150 மடங்கு அதிகம் இருப்பதால் வினை நைட்ரோஃபீனாலைப் பொறுத்து முதல் வகையாக (வேகம் அதன் செறிவுக்கு நேர்விகிதமாக) நடந்துகொள்ளும். தொடக்க உட்கவர்ச்சியை அந்தந்த நேரத்து உட்கவர்ச்சியால் வகுத்து, இயல் மடக்கை எடுத்து, நேரத்துக்கு எதிரே வரையுங்கள். சாய்வுதான் வேக மாறிலி. ஆரம்பத்தில் சில நிமிடம் ஒன்றுமே நடக்காமல் இருந்தால் குழம்ப வேண்டாம். மேலே இருக்கும் ஆக்ஸைடு ஒடுங்கவும், கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் தீரவும் எடுக்கும் நேரம் அது. அந்தப் பகுதியைச் சாய்வில் சேர்க்காதீர்கள்.

இப்போது என் கதை. முதல் தடவை இந்தச் சோதனையை வைத்தபோது வினையூக்கியை அள்ளிப் போட்டிருந்தோம். இரண்டு நிமிடத்தில் ஒரு பிள்ளை கத்தினான்: “மாஷே, மஞ்சள் போயிடுச்சு!” ஆய்வகமே கூடிவிட்டது. உதவியாளர் சேச்சி மட்டும் பாத்திரம் கழுவிக்கொண்டே, “வெறும் கரியைப் போட்டாலும் போகுமே, வெல்லப்பாகுக்கு அப்படித்தானே வெளுப்பாங்க” என்றார். போட்டோம். போயிற்று. நைட்ரோஃபீனால் வினைபுரியவே இல்லை, கரியின் துளைக்குள் போய் ஒளிந்துகொண்டிருந்தது.

அதனால் 400 குறைவதை மட்டும் பார்க்கக்கூடாது. அதே வேகத்தில் 300 ஏற வேண்டும். எல்லா நிறமாலைக் கோடுகளும் நடுவில் ஒரே புள்ளியில் வெட்டிக்கொள்ள வேண்டும். கரி உறிஞ்சினால் கோடு மொத்தமாகக் கீழே இறங்கும், வெட்டுப்புள்ளி இருக்காது. வெறும் கார்பனை அதே எடையில் போட்டு முழுச் சோதனையையும் ஒரு முறை ஓட்டுவது கட்டாயம். மேலே நான் கொடுத்த 0.1 மில்லிகிராம் என்ற அற்ப அளவும் இதற்காகத்தான்.

அப்புறம் வெப்பநிலை. பங்குனி சித்திரையில் பாலக்காட்டுக் கணவாயில் வெயில் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். காலையில் 25 டிகிரியில் தாமிரத்தையும் மத்தியானம் 35 டிகிரியில் கலவையையும் அளந்தால், கிளர்வு ஆற்றல் மோலுக்கு 40 கிலோஜூல் என்று வைத்துக்கொண்டாலே வேகம் சும்மா 1.7 மடங்கு கூடியிருக்கும். அதைக் கூட்டு விளைவு என்று எழுதிவிடாதீர்கள். தண்ணீர்த்தொட்டியில் வைத்து ஒரே வெப்பத்தில் எல்லாவற்றையும் அளந்து, ஒவ்வொன்றையும் மூன்று முறை செய்யுங்கள். வினையூக்கி அளவைப் பாதியாக்கினால் வேக மாறிலியும் பாதியாக வேண்டும். ஆகவில்லையென்றால் நீங்கள் அளப்பது கலக்கியின் வேகத்தை.

கடைசி ஒப்பீடு முக்கியமானது. தாமிரத் தூள், நிக்கல் தூள், பல்லேடியத் தூள் மூன்றையும் கலவையில் இருக்கும் அதே உலோக அளவுக்கு ஒன்றாகப் போட்டு ஓட்டுங்கள். உங்கள் மூன்றுலோகத் துகள் இந்த மிக்சரைத் தெளிவாக முந்தினால்தான் ஒரே துகளில் இருப்பதால் ஏதோ கிடைத்தது என்று சொல்லலாம். வெறும் நிக்கலை முந்தியது என்று சொல்வதில் ஒன்றுமில்லை. பல்லேடியம் சேர்த்தால் எதுவும் நிக்கலை முந்தும்.

உண்மையான ஹைட்ரஜனில்

போரோஹைட்ரைடு சோதனையில் ஜெயித்தது ஹைட்ரஜன் வாயுவில் தோற்கலாம்; இரண்டும் ஒரே வினை அல்ல. சின்னமால்டிஹைடு நல்ல பரீட்சை. பட்டையின் வாசனை தரும் அந்த மூலக்கூறில் கார்பன்–கார்பன் இரட்டைப் பிணைப்பும் ஆல்டிஹைடும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பல்லேடியமும் நிக்கலும் முன்னதைத்தான் முதலில் தேடிப் போகும். பின்னதை மட்டும் மாற்றிச் சின்னமில் ஆல்கஹால் எடுப்பது கடினம். நம் துகள் எதைத் தேர்ந்தெடுக்கிறது, எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம்.

50 மில்லி குடுவையில் முதலில் நைட்ரஜன். 50 மில்லிகிராம் வினையூக்கியை நைட்ரஜனுக்கு அடியிலேயே தண்ணீரில் நனைத்து, அப்புறம்தான் 20 மில்லி எத்தனால். உலர்ந்த பல்லேடியக் கரியைக் காற்றில் எத்தனாலுக்குள் கொட்டினால் குப்பென்று பிடிக்கும். இதில் விளையாட்டு வேண்டாம். ஒரு மில்லிமோல் சின்னமால்டிஹைடு (132 மில்லிகிராம்), மூன்று முறை வெற்றிடம்–நைட்ரஜன், பிறகு ஹைட்ரஜன் பலூன், 50 டிகிரி, புகைக்கூண்டுக்குள். அரை மணிக்கு ஒருமுறை ஒரு துளி எடுத்து வாயு வண்ணப்படிவில் (கலவையில் எது எவ்வளவு என்று பிரித்துக்காட்டும் கருவி) பாருங்கள்.

தேர்திறனை (வேண்டிய பொருளை மட்டும் தேர்ந்து தரும் திறனை) ஒப்பிடும்போது ஒரே மாற்ற அளவில் ஒப்பிடுங்கள். ஒன்று 20 சதவீதம் மாறிய நிலையிலும் இன்னொன்று 95 சதவீதம் மாறிய நிலையிலும் இருக்க, முதலாவது தேர்ந்தெடுத்துச் செய்கிறது என்பது அநியாயம். முன்னது இன்னும் தப்புச் செய்யும் கட்டத்துக்கே வரவில்லை.

பாதியில் சூடாகவே வடிகட்டி, தெளிந்த திரவத்தை மட்டும் மீண்டும் ஹைட்ரஜனில் வையுங்கள். வினை தொடர்ந்தால் வேலை செய்தது உங்கள் துகள் அல்ல, அதிலிருந்து கரைந்து போன பல்லேடியம். மறுபயன்பாட்டைச் சோதிக்கும்போதும் முழுவதும் மாறி முடிந்த பிறகு ஐந்து தடவை என்று காட்டுவதில் பயனில்லை. பாதி மாறும் நேரத்தில் நிறுத்தி ஒவ்வொரு சுற்றிலும் வேகத்தை ஒப்பிட்டால்தான் சோர்வு தெரியும்.

நான்காவது, ஐந்தாவது உலோகம்

மூன்று வந்துவிட்டால் ஐந்து ஆசை வரும். 2004-இல் தைவானில் யே ஜியென்-வெய்யும் இங்கிலாந்தில் பிரையன் கேன்டரும் தனித்தனியாக அறிவித்த உயர் என்ட்ரோபி உலோகக்கலவைகளில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட உலோகங்கள், ஒவ்வொன்றும் 5 முதல் 35 சதவீதம் வரை இருக்கும். நம் ஐம்பொன்னை இதில் சேர்க்க முடியாது. அதில் பெரும்பங்கு தாமிரம், மற்றவை தொட்டுக்கொள்ள.

கணக்கு எளிது. ஐந்து உலோகம் சம அளவில் கலந்தால் கலப்பு என்ட்ரோபி (கலப்பால் வரும் ஒழுங்கின்மையின் அளவு) மோலுக்கு, கெல்வினுக்கு 13.4 ஜூல். அறை வெப்பத்தில் இது தரும் ஆதாயம் 4 கிலோஜூல்தான். 2000 கெல்வினில் 27. ஆகவே சேராதவற்றைச் சேர்க்க வெப்பம் வேண்டும்; சேர்ந்தவை பிரிவதற்குள் உறைய வைக்க வேகமும் வேண்டும். 2018-இல் லியாங்பிங் ஹு குழு கார்பன் இழைகளில் உப்புகளைப் பூசி, 55 மில்லிவினாடி மின் அதிர்ச்சியில் ஏறத்தாழ 2000 கெல்வினுக்குக் கொண்டுபோய், வினாடிக்கு ஒரு லட்சம் கெல்வின் வேகத்தில் ஆறவைத்து, எட்டு உலோகங்களை ஒரே துகளில் அடைத்துக் காட்டியது. நிமிடத்துக்கு 5 டிகிரி ஏறும் எங்கள் குழாய் உலையில் அதே எட்டு உப்பைப் போட்டால் எட்டும் அவரவர் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விடும். இந்த உலையில் நான்காவதாக ஒன்றைச் சேர்ப்பதென்றால் பிளாட்டினம் பொருந்தும், மூன்றோடும் கரையும். பர்ஸ் இடம் கொடுக்க வேண்டும்.

வேலை முடிந்ததும், வடிதாளில் ஒட்டியிருக்கும் தூளைக் காயவிட்டுக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். ஹைட்ரஜன் பார்த்த தூள் காய்ந்ததும் தானாகக் கனன்று கூடையையே கொளுத்தும். ஈரத்தோடு, தண்ணீர் ஊற்றிய வாய் அகன்ற புட்டியில் சேர்த்து வையுங்கள். போரோஹைட்ரைடு கழிவு ஒரு நாள் முழுக்க மூடாமல் புகைக்கூண்டில் இருக்கட்டும், உள்ளே இன்னும் ஹைட்ரஜன் வந்துகொண்டிருக்கும்.